தொண்ணூற்றாறு இறாத்தல்

1938 ஜனவரி 11, செவ்வாய்

கப்பல் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. அரிசி நூற்றுப்பத்து மூட்டை, வெங்காயம் நாற்பது. எல்லாவற்றையும் றெயில் சரக்குக் கொட்டிலில் நிறுத்து எழுதி முடிக்கப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது.

என் பெண்சாதி லூசியாவின் முழங்கை வீக்கம் வற்றியிருக்கிறது. நெற்றியில் அடிபட்ட இடம் சிவப்பாக இருந்து இப்போது நீலமாகிறது. நான் அதைப் பார்க்கிறேன் என்று தெரிந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கோபமா, வெட்கமா? கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதாமல் இரண்டு நாளாகத் தள்ளிவிட்டேன். மாதா கோயில் பூசைக்கு நேரமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அவளைத் தூக்கிக்கொண்டு போகிற அவளுடைய அண்ணன் சிங்கராசா இன்னும் கடலிலிருந்து கரை சேரவில்லை. "நானே தூக்கிறன்" என்றேன். "வேண்டாம், பொறுங்கோ" என்றாள். நான் பொறுக்கவில்லை. கட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடியில் முழங்கால் மடிந்தது. அவள் கீழே, அவள்மேல் நான். அலுமாரியின் மூலை அவள் நெற்றியில் பட்டது.

காய்ச்சலில் அவளுடைய கால்கள் விழுந்து இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட என் பெண்சாதியை நான் தூக்கி வாசல் தாண்டியதில்லை. சில்லுப் பூட்டிய கதிரை ஒன்று வாங்கலாம் என்று டாக்குத்தர் சொன்னார். எங்கள் மணலில் மாட்டுவண்டிச் சில்லே புதைகிறது.

அவளுடைய நிறை எனக்குத் தெரியும். போன வருஷம் றெயிலில் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, சரக்குக் கொட்டில் தராசில் கதிரையோடு வைத்துப் பார்த்தேன். கதிரையைக் கழித்தால் தொண்ணூற்றாறு இறாத்தல். "நான் என்ன கருவாட்டுச் சிப்பமா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல் சேர்ந்தால்தான் ஒரு அந்தர். இவள் ஒரு அந்தர்கூட இல்லை. நான் ஆம்பிளையா என்ன?

ஜனவரி 16, ஞாயிறு

சிங்கராசா மச்சான் வந்து லூசியாவைக் கோயிலுக்குத் தூக்கிப்போய், திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் விட்டார். கோயிலுக்கு முந்நூறு காலடி இருக்கும். மூச்சுக்கூட வாங்கவில்லை. பிறகு என்னை வீட்டு வளவுக்குக் கூப்பிட்டார்.

"மச்சான், ஆண்டவர் உயிர்த்த திருநாள் முடிய நாங்கள் வங்காலைக்குப் போறம். என்ரை மனிசியின்ரை வளவு அங்கை கிடக்கு. லூசியாவையும் கூட்டிக்கொண்டு போறன். ரெண்டு குமர்ப்பிள்ளையள் வீட்டிலை இருக்கினம், பாத்துக்கொள்ளுவினம். நீர் சனிக்கிழமையிலை வந்து நிண்டுட்டுப் போம்."

"நான் அவளின்ரை புருஷன்."

"ஓம். ஆரும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா விழுத்திப்போட்டீரே."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உயிர்த்த ஞாயிறன்று நானே அவளைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். போய்ச் சேர்ந்தால் அவள் இங்கேதான் இருப்பாள் என்றேன். மச்சான் என் கைகளைப் பார்த்தார். சிரித்திருந்தால் பரவாயில்லை. சிரிக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யன்னல் திறந்திருந்தது. லூசியாவுக்குக் கேட்டிருக்கும்.

ஜனவரி 24, திங்கள்

கொழும்புக்கு எழுதிய தேகாப்பியாசப் புத்தகம் தபாலில் வந்துவிட்டது. இங்கிலீசில் இருக்கிறது. படங்களில் ஒரு வெள்ளைக்காரன் அரைக்கச்சையோடு நின்று இரும்பு தூக்குகிறான். ஒவ்வொரு பாரத்தையும் எத்தனை தரம் தூக்கவேண்டும், எப்படி மூச்சு விடவேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறது. 'ஒருநாளும் தவறாமல்' என்று மூன்று இடத்தில் இருக்கிறது.

இரும்புக்கு நான் எங்கே போவேன் என்று யோசித்தபோது சரக்குக் கொட்டிலின் மூலையில் கிடக்கும் பழைய படிக்கற்கள் ஞாபகம் வந்தன. தேய்ந்துபோனவை என்று தராசுப் பரிசோதகர் கழித்துவிட்டவை. வளையம் வைத்த கால் அந்தர் இரண்டு, அரை அந்தர் ஒன்று, ஏழு இறாத்தல், நாலு இறாத்தல் என்று சில்லறை. ஸ்டேஷன் மாஸ்டர் கொண்டுபோகச் சொன்னார். ஹலீம்தான் சாக்கில் போட்டு வீடுவரை சுமந்துவந்தான். கப்பல் மூட்டை சுமக்கிறவர்களுக்கு அவன்தான் தலைவன். எருக்கலம்பிட்டி ஊரான். என் வயதுதான் இருக்கும்.

"இதை வைச்சு என்ன செய்யப்போறியள், கிளாக்கர்?"

"தூக்கப்போறன்."

"தூக்கி எங்கை வைக்கிறது?"

"ஒரு இடமுமில்லை. தூக்கி, திருப்பி நிலத்திலை வைக்கிறது."

"சும்மாவா?" என்றான். விளங்கப்படுத்திப் பார்த்தேன். போகும்போது தலையை ஆட்டிக்கொண்டே போனான்.

ஜனவரி 25, செவ்வாய்

விடிய எழும்பிக் கிணற்றடியில் தொடங்கினேன். ஒவ்வொரு கையிலும் கால் அந்தர். எட்டுத்தரம். ஒன்பதாவது வரவில்லை.

ஜனவரி 26, புதன்

கை மேலே வரமாட்டேன் என்கிறது. சேட்டுப் போட அடுத்த வீட்டு மார்த்தா அக்கா உதவினா. வேறொன்றும் எழுத ஏலாது.

பெப்ரவரி 5, சனி

பதினெட்டுத்தரம்! பின்னேரமும் செய்யத் தொடங்கிவிட்டேன். புத்தகத்தில் காலையில் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அந்த வெள்ளைக்காரனுக்கு உயிர்த்த ஞாயிறு என்று ஒரு தவணை இல்லை. இரண்டு மடங்கு செய்தால் இரண்டு மடங்கு பலம். கணக்குச் சரிதானே?

லூசியாவின் யன்னல் கிணற்றடியைப் பார்த்தபடி. நான் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாளும் சிரித்ததில்லை, நல்லது என்று சொன்னதுமில்லை. புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிப் படங்களைப் பார்த்தாள்.

பெப்ரவரி 12, சனி

அரை அந்தர்க் கல்லைத் தோளுக்கு எடுத்துவிட்டேன். இரண்டு தரம். மார்த்தா அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "கண்படப்போகுது தம்பி, மூடிக்கொண்டு செய்" என்றா. பகலில் லூசியாவோடு இருப்பதும், குளிக்க வார்ப்பதும் அவதான். தனிக்கட்டை.

பெப்ரவரி 20, ஞாயிறு

அரை அந்தர் தோளுக்கு வரவில்லை. நெஞ்சுவரை வந்து திரும்பியது. நேற்று நித்திரை சரியில்லை, அதனால்தான்.

பெப்ரவரி 23, புதன்

இன்றைக்கு நெஞ்சுக்கும் வரவில்லை.

எனக்கு விளங்கவில்லை. கல் அதே கல். நான் ஒரு நேரமும் விடவில்லை, காலையிலும் பின்னேரமும் செய்கிறேன். கூட்டித்தான் செய்கிறேன். பிறகு எப்படிக் குறையும்? படுத்தால் நெஞ்சு இடிக்கிற சத்தம் தலையணைக்குள் கேட்கிறது. எழும்பும்போது படுத்ததைவிடக் களைப்பாக இருக்கிறது. சோம்பலா இது? சோம்பலென்றால் நாளைக்கு இன்னும் பத்துத்தரம் கூட்டவேண்டும்.

மார்ச் 2, விபூதிப் புதன்

தவசுகாலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேரே வேலைக்குப் போனேன். இந்த நாற்பது நாளும் ஒருசந்தி பிடிப்பதாக நேர்ந்திருக்கிறேன். ஒருநேரச் சாப்பாடு. ஆண்டவர் பார்த்தால் கைக்குப் பலம் தருவார். மார்த்தா அக்கா கேட்டுவிட்டு, "ஒரு பக்கத்தாலை கல்லுத் தூக்கிறாய், மற்றப் பக்கத்தாலை பட்டினி கிடக்கிறாய். உனக்கு என்ன விசரே?" என்றா. முட்டை குடிக்கச் சொல்கிறா. புத்தகம் பால் குடிக்கச் சொல்கிறது. ஆருடைய சொல்லைக் கேட்பது?

மார்ச் 5, சனி

இன்றைக்கு ஒரு மனிதனைக் கொன்றிருப்பேன்.

தராசுத் தட்டைக் கொளுவி வைக்கவேண்டியது என் வேலை. கொளுவினேன் என்றுதான் நினைத்தேன். கை அரைவாசியில் விட்டுவிட்டது போல. தட்டு சரிந்து, மேலே அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளில் ஒன்று உருண்டு ஹலீமின் காலடியில் விழுந்தது. "அல்லாஹ்வே!" என்று துள்ளி விலகினான். ஒரு சாண். அவ்வளவுதான். ஒரு சாண் இந்தப்பக்கம் நின்றிருந்தால் அவன் கால் இல்லை.

அவன் ஏசவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பகல் சாப்பாட்டு நேரம் வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினான்.

"கிளாக்கர், ஒரு நாளைக்கு எத்தினை தரம் அந்தக் கல்லைத் தூக்கிறியள்?"

சொன்னேன்.

"எந்த நாளிலை விடுறனீங்கள்?"

"விடுறதில்லை."

"நாங்கள் பதினாறு பேர். ஏன் பதினாறு பேரும் ஒண்டாச் சுமக்கிறதில்லையெண்டு யோசிச்சனீங்களா? எட்டுப் பேர் சுமக்கிற நேரம் எட்டுப் பேர் குந்தியிருப்பம். முந்தி ஒரு துரை வந்து, குந்தியிருக்கிறவனெல்லாம் கள்ளன் எண்டு பதினாறு பேரையும் ஒண்டாச் சுமக்க விட்டவர். மத்தியானத்தோட கப்பல் இறக்கிற வேலை அரைவாசியிலை நிண்டுட்டுது. பிறகு அவரே குந்தச் சொன்னவர். குந்தியிருக்கிறதும் வேலைதான், கிளாக்கர்."

"நீ பெருநாள் தவிர ஒவ்வொரு நாளும் சுமக்கிறாய்."

"நான் பதினைஞ்சு வருஷமாச் சுமக்கிறன். நீங்கள் ஆறு கிழமை."

அவன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அவன் குந்தியிருக்கும்போது அவன் பலம் எங்கும் போய்விடாது. நான் குந்தினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடுமே! உயிர்த்த ஞாயிறுக்கு ஆறு கிழமைதான் கிடக்கு.

மார்ச் 8, செவ்வாய்

அப்போதிக்கரியிடம் போனேன். கண்மடலைப் பிரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மலேரியா இல்லை என்றார். "களைப்பு எண்டால் களைப்புத்தான்" என்றார். இதைச் சொல்ல ஒரு அப்போதிக்கரி வேண்டுமா? இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கொயினா மருந்து ஒரு போத்தல் தந்தார். குடித்தேன். காது இரைகிறது. இப்போது கை நடுங்குவது களைப்பாலா, மருந்தாலா, பட்டினியாலா? ஒன்றும் பிடிபடவில்லை.

மார்ச் 12, சனி

லூசியா தண்ணீர் கேட்டாள். இரண்டாம் தரம் கேட்டபோது கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது. உனக்காக மாடு மாதிரி அடிபடுறன், தண்ணிகூட ஆறுதலாக் கேக்க மாட்டியா...

அவள் கத்தவில்லை. "எனக்காக எண்டு நான் கேட்டனானா?" என்றாள்.

கேட்டவளா? இல்லை. ஒருநாளும் கேக்கேல்லை. அண்ணனும் நானும் வளவுக்குள்ள நிண்டு கதைச்சு முடிச்சனாங்கள். அவளிட்டை ஆர் கேட்டது? அப்ப நான் ஆருக்காகத் தூக்கிறன்? மச்சான் என்ரை கையைப் பாத்தாரே, அந்தப் பார்வைக்காகவா?

தெரியேல்லை. தண்ணி கொண்டுபோய்க் குடுத்தன். வாங்கிக் குடிச்சாள்.

மார்ச் 14, திங்கள்

கிணற்றடியில் விழுந்துவிட்டேன். அரை அந்தரை இடுப்புவரை எடுத்தது ஞாபகம். பிறகு கண்ணுக்குள் இருட்டு. கண் திறந்தபோது மார்த்தா அக்கா முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தா. கல் காலிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிடந்தது, தப்பினேன்.

மார்த்தா அக்கா வருவதற்குக் கொஞ்ச நேரம் சென்றதாம். அந்த நேரம் முழுக்க லூசியா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். என்னை உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்த பிறகு பார்த்தேன், கம்பி பிடித்த கை சிவந்து போயிருந்தது.

"நீங்கள் செத்துக் கிடந்தாலும் நான் இதிலையிருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கவேணும்" என்றாள். "அது எப்பிடியிருக்கும் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

அழுதாள். காய்ச்சலுக்குப் பிறகு டாக்குத்தர் கால் வராது என்று சொன்ன நாளில்கூட அழாதவள்.

ஏழு நாளைக்குக் கல்லைத் தொடுவதில்லை என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 15, செவ்வாய்

பங்குச் சுவாமியிடம் போய் நேர்த்தியைச் சொன்னேன். சுகமில்லாதவனுக்கு ஒருசந்தி கிடையாது, போய் மூன்று நேரமும் சாப்பிடு, அதுதான் உன்னுடைய தவசு என்றார். மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டேன். அப்படியே கதிரையில் நித்திரையாகிவிட்டேன். வேலைக்குப் பிந்திப்போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேச்சும் வாங்கினேன்.

மார்ச் 18, வெள்ளி

நித்திரை. வேலை. நித்திரை.

கல்லில் துருப் பிடிக்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது. ஏழு கிழமையில் சேர்த்ததெல்லாம் தண்ணீர்போல வடிந்துகொண்டிருக்கும்.

மார்ச் 22, செவ்வாய்

தவணை முடிந்தது. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். அரை அந்தரைப் பிடித்தேன். தோளுக்கு வந்தது. நின்று யோசித்தேன். மேலே தள்ளினேன். தலைக்குமேல் போய்விட்டது! ஒருநாளும் போகாத இடம்.

இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தேன். சந்தோஷமாயிருக்கிறேனா? இல்லை, குழம்பிப்போயிருக்கிறேன். ஒன்றும் செய்யாத ஏழு நாளில் பலம் எங்கிருந்து வந்தது? செய்த நாட்களில் வந்த பலம் இத்தனை நாளும் எங்கே ஒளிந்திருந்தது? கல்லை நிறுத்துப் பார்த்தாலென்ன என்றுகூட யோசித்தேன், துருப்பிடித்துக் குறைந்திருக்குமோ என்று. விசர் யோசனை.

ஹலீமிடம் சொன்னேன். "இதைத்தானே அண்டைக்குச் சொன்னனான்" என்றான். அவனுக்கு இதில் ஒரு அதிசயமும் இல்லை.

மார்ச் 26, சனி

இனிக் கிழமைக்கு மூன்று நாள். ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில் மூச்சு அடங்கும்வரை குந்தியிருக்கிறேன். தூக்குவதைவிட இதுதான் கஷ்டம். குந்தியிருக்கும்போது ஆரோ பார்க்கிறார்கள் போல, களவெடுக்கிறேன் போல இருக்கிறது. ஆனால் கை நடுங்குவது நின்றுவிட்டது. கந்தோரில் எழுதும் எழுத்தும் பழையபடி நேராகிவிட்டது.

ஏப்ரல் 1, வெள்ளி

காற்று மோசம். கப்பல் வரவில்லை. மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே வந்தேன். கட்டிலில் லூசியா இல்லை.

யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள்.

"ஆர் தூக்கினது?" என்றேன். முதல் வாயில் வந்தது அதுதான். இப்போது நினைக்க நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "ஒருத்தருமில்லை" என்றாள். கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவில் பாலம்போல ஒரு பலகை. கையை ஊன்றி, உடம்பை எடுத்து எடுத்து வைத்து, அதன்மேலால் நகர்ந்து வந்திருக்கிறாள். மார்த்தா அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டா.

இரண்டு மாசமாகவாம்! நான் வேலைக்குப் போன பிறகு நாலு இறாத்தல் கல், பிறகு ஏழு இறாத்தல். மார்த்தா அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் வருமுன் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிடுவாவாம். இங்கிலீசு வாசிக்கத் தெரியாததால் படங்களைப் பார்த்தே செய்திருக்கிறாள்.

"ஒவ்வொரு நாளுமா செய்தனீ?"

"சீச்சீ. கை நொந்தால் அடுத்த நாள் விட்டிடுவன். நொந்தால் விடாமல் வேறை என்ன செய்யிறது?"

இதைத் தெரிந்துகொள்ள நான் கிணற்றடியில் விழவேண்டியிருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஏலாமல் போனால்? நீங்களும் அண்ணையும் வளவுக்குள்ள நிண்டு அதையும் கதைப்பியள்."

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் என்னுடையதைப்போலவே காய்ப்பு. சந்தோஷமென்றுதான் எழுதவேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் வேறொன்றும் கிடக்கிறது. அவள் தானே வருவாளென்றால் நான் எதற்கு? இப்படி நினைக்கிறவன் நல்ல மனிசனா?

ஏப்ரல் 3, ஞாயிறு

மச்சான் வந்து தூக்கிப்போய்க் கொண்டுவந்து விட்டார். கட்டிலில் வைக்கப் போனவரிடம் லூசியா "கதிரையிலை விடுங்கோ" என்றாள். அவர் போன பிறகு கேட்டேன். இன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறேன்.

"நீ அண்ணையோட வங்காலைக்குப் போக விரும்புறியா?"

"எத்தினை நாள் செண்டு கேக்கிறியள்" என்றாள். பிறகு சொன்னாள்: "தூக்கிறதுக்கு ஆள் இருக்குது எண்டதுக்காக ஒரு வீட்டிலை இருக்கேலாது. அண்ணையின்ரை வீட்டிலையும் இருக்கேலாது, உங்கட வீட்டிலையும் இருக்கேலாது."

"அப்ப?"

"அப்பவோ? உயிர்த்த ஞாயிறு வரட்டும். தூக்கிறதெண்டால் தூக்குங்கோ. ஆனால் கேட்டுப்போட்டுத் தூக்குங்கோ. பொறுங்கோ எண்டு சொன்னால் பொறுங்கோ."

இது இருப்பேன் என்பதா, போவேன் என்பதா? மூன்று தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. திரும்பக் கேட்கத் துணிவில்லை.

ஏப்ரல் 10, குருத்தோலை ஞாயிறு

பின்னேரம், "தூக்கட்டா?" என்று கேட்டேன். "பொறுங்கோ" என்றாள். பொறுத்தேன். கையை எங்கே வைக்கவேண்டும், எந்த முழங்காலை முதலில் மடிக்கவேண்டும் என்று அவள் சொல்லித் தந்தாள். இரண்டு வருஷம் எத்தனையோ பேர் தூக்கியதில் எது நோகும், எது நோகாது என்று அவளுக்குத்தான் தெரியும். பிறகு என் கழுத்தைச் சுற்றிப் பிடித்துத் தன்னைத் தானே மேலே இழுத்துக்கொண்டு, "ம்" என்றாள்.

எழும்பினேன். பாரம் பாதியாகிவிட்டது போல இருந்தது! அவள் கை இறுக்கிப் பிடித்திருப்பதால் என் முதுகு வளையவில்லை. கிணற்றைச் சுற்றி ஒரு சுற்று. ஐம்பது அடி இருக்கும். ஆனால் ஐம்பதாவது அடியில் என் தொடை ஆடத் தொடங்கியது. கோயில் முந்நூறு. என்ன செய்வேன்?

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

கல் இல்லை. நாளைக்கும் இல்லை. சும்மா இருக்கிறேன்.

ஏப்ரல் 17, உயிர்த்த ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு மச்சான் வெள்ளைச் சாரமும் சேட்டுமாக வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. லூசியா பலகையால் கதிரைக்கு வந்து தயாராக இருந்தாள். "தூக்கட்டா?" "ம்." எழும்பி வாசலைத் தாண்டினேன். மணல் ஈரமாக இருந்ததால் கால் அவ்வளவாகப் புதையவில்லை. கோயிலுக்குப் போகிற சனம் வழி விட்டது. நாற்பது, ஐம்பது, அறுபது என்று எண்ணிக்கொண்டே போனேன். எழுபதில் தொடை ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து வைத்தேன். கண்ணின் ஓரத்தில் அந்தக் கிணற்றடி இருட்டு வரப் பார்த்தது.

"லூசியா, களைச்சுப்போனன்" என்றேன். அத்தனை பேருக்கும் முன்னால்.

"அப்ப வையுங்கோ."

வழியோரம் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தின்மேல் அவளை வைத்துப் பக்கத்தில் இருந்தேன். மச்சான் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "விடும், நான் தூக்கிறன்."

"பொறுங்கோ அண்ணை" என்றாள் லூசியா. "அவர் இளைப்பாறிப்போட்டுத் தூக்குவார்."

சனம் பார்த்தது. பார்க்கட்டும். என் மூச்சு அடங்க வேண்டிய நேரம் எடுத்து அடங்கியது. திரும்பத் தூக்கினேன். பிறகு ஒரு விழுந்த பனைமரத்தில், பிறகு ஆரோ வீட்டு வாசற்கட்டில், பிறகு கோயில் மதிலில், கடைசியாகப் படியில். ஐந்து இடம். மணி அடித்து முடிந்து பாட்டும் தொடங்கிவிட்டது. மச்சான் பின்னாலேயே வந்தார். முதல் இரண்டு இடத்திலும் நின்றார். மூன்றாவது இடத்தில் அவரும் எங்களோடு குந்தினார். மதிலடியில்தான் வாய் திறந்தார்.

"வங்காலைக்கு எண்டைக்கு வருவியள், ரெண்டு பேரும்?"

லூசியாவைப் பார்த்தேன்.

"மடு மாதா திருநாள் முடிய வாறம் அண்ணை" என்றாள். "ஒரு கிழமை நிண்டுட்டு வருவம்."

பூசைக்குப் பிந்தித்தான் போனோம். முழங்காலில் இருந்தபோது என் கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. இந்த நடுக்கம் எதனாலென்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 24, ஞாயிறு

மச்சான் குடும்பம் வெள்ளிக்கிழமை போய்விட்டது.

இன்றைக்குக் காலையிலேயே வெளிக்கிட்டுவிட்டோம். நாலு இடத்தில் இளைப்பாறினோம். கோயிலுக்குக் கிட்டப் போனதும், "இதிலை வையுங்கோ" என்றாள் லூசியா. நான் களைக்கவில்லை, இன்னும் நாற்பது அடி நடந்திருப்பேன் என்றேன்.

"எனக்குத் தெரியும். இதிலையிருந்து கடல் தெரியுது."

மதிலில் வைத்தேன். பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தோம்.